விலையுயர்ந்த பொருள்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். பூதக்கண்ணாடிக்கு அந்தத் தனி வளை கிடைக்கப் பத்தொன்பது வருடம் ஆயிற்று. பூதக்கண்ணாடி என்பது குடியிருப்பில் அவளுக்கு வைத்த பெயர். மூக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று காலையிலிருந்து மாலை வரை கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் அடங்காது. ஃபிளாட்டை வாங்குவதற்கு முன்னால் தரைக்கல் ஒவ்வொன்றையும் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தவள். லிஃப்ட் கண்ணாடியில் கைத்தடம் இருந்தால் எந்த வீட்டுக் குழந்தை என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட மகராசிக்குத் தன் தலைக்கு மேலேயே இருந்த ஒரு பை தெரியாமல் போயிற்று. அதனால் வந்த வினைதான் இது.

அந்தக் குடியிருப்பு இருக்கிற தெருவில் வருடத்துக்கு ஒரு முறை, ஒரு சனி ஞாயிறு, பன்னிரண்டு வீட்டுக் கூடங்களை ஓவியர்களுக்குத் திறந்துவிடுவார்கள். உள்ளூர்க்காரர்கள் வரைந்த படங்கள். ஜனங்கள் வீடு வீடாக ஏறி இறங்கிப் பார்ப்பார்கள். எந்த வீட்டுக்கு எந்த ஓவியர் என்பதைக் காட்சிக் கமிட்டி சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யும். இதில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் காட்சியைத் தொடங்கும்போது ஓவியர் வாய் திறக்கக் கூடாது. வீட்டுக்காரர்தான் வந்தவர்கள் முன்னால் நின்று, "இவரை எனக்கு இப்படித் தெரியும், இவர் இப்படிப்பட்டவர்" என்று பேசி அறிமுகம் செய்ய வேண்டும். முன்பின் தெரியாதவர் என்றால் வெள்ளிக்கிழமை மாலை படம் மாட்ட வரும்போது உட்கார்ந்து பேசித் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வீட்டுச் சுவரில் ஒருவருக்கு இடம் கொடுத்தால் அவருக்காக நாலு வார்த்தையும் பேச வேண்டும் என்று இதை ஆரம்பித்த யாரோ ஒரு புண்ணியவான் வைத்த விதி.

வாடகைக்கு இருந்த காலத்தில் பூதக்கண்ணாடி ஒரு வருடம்கூட விடாமல் போவாள். படத்தைப் பாதி பார்ப்பாள், வீட்டை முழுசாகப் பார்ப்பாள். ஜன்னலுக்கு என்ன மரம், சுவருக்கு என்ன நிறம், கதவுக்கு என்ன கைப்பிடி. "நமக்குன்னு ஒரு கூடம் வரட்டுங்க, அப்புறம் பாருங்க" என்று கணவரிடம் சொல்லிக்கொண்டே வீடு திரும்புவாள். சொந்த வீடு வந்து மூன்றாவது வருடம், இந்த முறை குலுக்கலில் அவள் வீடு வந்தது. பட்டியல் வந்தபோது தன் வீட்டு எண்ணுக்கு எதிரே இருந்த ஓவியர் பெயரைப் படித்தாள். கேள்விப்படாத பெயர். யாராக இருந்தால் என்ன என்று கூடத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை கீழேயிருந்து இன்டர்காம் அடித்தது. செக்யூரிட்டி.

"மேடம், உங்க வீட்டுக்குப் படம் கொண்டாந்திருக்கேன்னு ஒருத்தன் நிக்கிறான். ஆனா மேடம்..." அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஆளு மேடம். நீங்க போட்டோ போட்டீங்களே, அவன்."

கீழே வருவதாகச் சொல்லி அவள் இன்டர்காமை வைத்தாள்.

எந்த போட்டோ என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த மூன்று வருடத்தில் அவள் மறந்த நாள் ஒன்று கிடையாது.

வீட்டைப் பதிவு செய்து சாவி வாங்கிய கையோடு அவள் வாங்கிய முதல் பொருள் வாசல் கதவுக்கு ஒரு பித்தளைக் கைப்பிடி. முழங்கை நீளம், நல்ல கனம். பத்தொன்பது வருடம் அடுத்தவர் கதவைத் திறந்த கை, இனி தன் கதவை அதைப் பிடித்துத் திறக்க வேண்டும் என்று ஆசை. சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த சமயம். சிவப்புக் கட்டம் போட்ட துணிப்பையில் கைப்பிடியைச் சுற்றி எடுத்து வந்தவள், பெயின்ட் சொட்டிவிடப்போகிறது என்று சமையலறை லாஃப்டின் மூலையில் தூக்கி வைத்தாள். அதற்குள் கடையிலிருந்து போன் வர, ஓடினாள். ஒரு வாரம் கழித்து ஆசாரி கதவு வேலைக்கு வந்து நின்றபோது, கைப்பிடியை ஜன்னல் திண்டில் வைத்ததாகவே அவளுக்கு ஞாபகம். சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்திருப்பாள். ஜன்னல் திண்டில் ஒன்றும் இல்லை. அதற்குள் சாமான்கள் வந்து, லாஃப்டை அட்டைப்பெட்டிகள் அடைத்துவிட்டன. வீட்டுக்குள் வந்துபோன வெளி ஆள் யார்? பெயிண்டர்.

ஒரு போன் போட்டு, "நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சுவர் எப்படி வந்திருக்கிறது என்று கணவருக்கு அனுப்ப எடுத்த படத்தில் பெயிண்டர் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, குடியிருப்பு வாட்ஸாப் குரூப்பில் போட்டாள். "எங்கள் வீட்டில் வேலை செய்த இந்த நபர் போன பிறகு விலையுயர்ந்த பொருள் ஒன்றைக் காணவில்லை. அனைவரும் ஜாக்கிரதையாக இருக்கவும்." கதவுக் கைப்பிடி என்று எழுதக் கூச்சமாக இருந்தது. இத்தனை பேர் பார்க்கிற இடத்தில் ஒரு கைப்பிடிக்கா இந்தக் கூப்பாடு என்று சிரிப்பார்களே. அதனால் விலையுயர்ந்த பொருள். படித்தவர்கள் எல்லோரும் நகை என்று முடிவு செய்துகொண்டார்கள். எத்தனை சவரன் என்றுகூட ஒருத்தி கேட்டாள். இவள் பதில் போடவில்லை.

பெயிண்டருக்கு அதே கட்டடத்தில் இன்னும் ஆறு வீட்டு வேலை பேசி முடிந்திருந்தது. மூன்றாம் மாடியில் சுவருக்குப் பட்டி பார்க்க ஆரம்பித்தும் இருந்தார். மறுநாள் காலை வந்தவரை வாசலிலேயே நிறுத்தினார்கள். அவருடைய ஏணியையும் ரோலரையும் செக்யூரிட்டியே மேலே போய் எடுத்து வந்து ரோட்டில் வைத்தார். ஆறு வீடும் போயிற்று.

எட்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அட்டைப்பெட்டிகளை இறக்கி லாஃப்டைக் கூட்டினாள். மூலையில் சிவப்புக் கட்டம் போட்ட பை, வைத்தது வைத்தபடி இருந்தது. ஏணிமேலேயே உட்கார்ந்துவிட்டாள். கணவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். அதிகம் பேசாத மனுஷர். பையையும் அவளையும் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "குரூப்ல போட்டது நீ. நீதான் எடுக்கணும்."

எடுக்கத்தான் நினைத்தாள். எத்தனையோ தடவை எழுதினாள். "அனைவருக்கும் வணக்கம், ஒரு சிறிய தவறு" என்று ஆரம்பிப்பாள். சிறிய என்ற சொல்லை அழிப்பாள். பிறகு எல்லாவற்றையும் அழிப்பாள். எட்டு மாதம் கழித்துச் சொல்வதா என்று யோசித்து யோசித்தே எட்டு மாதம் ஒரு வருடமானது, ஒரு வருடம் இரண்டைத் தாண்டியது. கைப்பிடியைக் கதவில் மாட்டவும் முடியாது, அதுதானா அந்தப் பொருள் என்று யாராவது கேட்டுவிட்டால்? பீரோவில் பழைய புடவைகளுக்கு அடியில் கிடந்தது அது. கதவில் சாதா எவர்சில்வர் கைப்பிடி ஒன்று. தன் வீட்டுக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அவளுக்குக் கை கூசும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

இப்போது கீழே போனாள். பெயிண்டர் கேட்டுக்கு வெளியே, துணி சுற்றிய படங்களைச் சுவரோரம் சாய்த்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். தலை முன்பைவிட நரைத்திருந்தது. செக்யூரிட்டி அறைக்குள், மின்சார மீட்டருக்குப் பக்கத்தில், அவருடைய படம் பேப்பரில் அச்சடித்து இன்னமும் ஒட்டியிருந்தது. வெயில் பட்டு வெளுத்து முகம் நீலமாகியிருந்தது. இதை அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரியும். தினமும் இரண்டு வேளை கடந்து போகிற இடம். பூதக்கண்ணாடியாம்!

"விடலாமா மேடம்?" என்றார் செக்யூரிட்டி.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அவர் எதுவும் எடுக்கவில்லை, நான்தான் தப்பு செய்தேன், அந்தப் பேப்பரைக் கிழியுங்கள் என்று. நாக்கு நுனிவரைக்கும் வந்தது. வந்து என்ன புண்ணியம்?

"விடுங்க. காட்சிக்கு வந்திருக்கார்" என்று சொல்லி, ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டாள்.

இருவரும் லிஃப்டில் ஏறினார்கள். அவர் படங்களைக் காலோடு அணைத்துப் பிடித்தபடி மாடி எண்களையே பார்த்துக்கொண்டு வந்தார். கூடத்துக்குள் வந்ததும் பழக்க தோஷத்தில் சுவரைத்தான் முதலில் பார்த்தார். ஜன்னலுக்குக் கீழே ஓர் இடத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவினார்.

"நல்லாத்தான் நிக்குது. ஈரம் வரலியே?"

"இல்லைங்க."

கணவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பெயிண்டர் நின்றபடியே குடித்தார்.

"இந்த வீடுன்னு தெரிஞ்சும்..." என்று ஆரம்பித்தவளுக்கு எப்படி முடிப்பது என்று தெரியவில்லை.

"சீட்டுல விழுந்துச்சும்மா. வேற வீடு மாத்திக் கேக்கலாம்னுதான் பார்த்தேன். கேட்டா, ஏன்னு கேப்பாங்க. காரணம் சொல்லணும்ல?" அவர் சுத்தியலை எடுத்தார். "அதைச் சொல்றதுக்குப் பதிலா இங்கயே வந்துடலாம்னு தோணுச்சு."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவளுக்கு அப்படி வலித்திருக்காது. செய்தவள் கூடத்தைத் துடைத்துப் பூச்சாடி வைத்துக்கொண்டு நிற்கிறாள். செய்யாத மனுஷன் காரணம் சொல்ல வெட்கப்பட்டு வந்து நிற்கிறார்.

பதினான்கு படங்கள். எல்லாம் பிளைவுட் துண்டுகளில், மிச்சம் மீதி பெயின்டில் வரைந்தவை. எல்லாமே அறைகள். ஆள் இல்லாத, சாமான் இல்லாத காலி அறைகள். பெயின்ட் காய்ந்து, வீட்டுக்காரர்கள் வருவதற்கு முன்னால் இருக்கிற இரண்டு மூன்று நாளில் ஒரு வீடு எப்படி இருக்குமோ அப்படி. வெயில் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு நகர்வதுகூடத் தெரிந்தது. அவள் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று நின்று பார்த்தாள். பத்தொன்பது வருடம் எத்தனை கூடங்களில் ஏறி இறங்கியிருக்கிறாள், இப்படி ஒரு படம் பார்த்ததில்லை.

"சாப்பாட்டு நேரத்துல போடறது. அந்த நேரத்துல மட்டும்தான் வீடு எங்களுக்கு" என்றார் அவர், ஆணியைப் பல்லில் கடித்தபடி.

கடைசிப் படத்தை மாட்டியபோதுதான் அவளுக்கு அது தன் கூடம் என்று தெரிந்தது. அதே ஜன்னல். அதற்கு அப்பால் சமையலறை வாசல். அதற்குள், மேலே, லாஃப்டின் இருண்ட மூலையில், சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சிவப்புக் கட்டம் போட்ட ஒரு பை. கீழே தேதி. அவள் கைப்பிடி வாங்கிவந்த அதே தேதி.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். தெரிந்துதான் மாட்டுகிறாரா, தெரியாமலா? ஒன்றும் பிடிபடவில்லை. படம் கோணலாக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் படத்தை நான் வாங்கிக்கறேன்" என்றாள் அவசரமாக. "இப்பவே கழட்டி உள்ள வச்சுக்கட்டுமா?"

"வாங்கிக்கங்க, உங்க வீடுதானே. ஆனா வித்த படமும் ரெண்டு நாளும் தொங்கணும்மா. கமிட்டி ரூல்." விற்றுப்போனதற்கு அடையாளமாகப் பையிலிருந்து ஒரு சிவப்புப் பொட்டை எடுத்துப் படத்தின் ஓரத்தில் ஒட்டினார். நன்றியும் சொன்னார். பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போனவளுக்கு நன்றி!

அவர் போன பிறகு கணவர் அந்தப் படத்தருகே வெகுநேரம் நின்றார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு நீ அறிமுகம் பேசணும்" என்றார்.

"ஓவியத்தைப் பத்திப் பேசிட்டு விட்டுடறேங்க. அந்த விஷயத்தை அப்புறமா, தனியா அவர்கிட்ட..."

"பஸ்ஸு போனப்புறம் விசில் ஊதறவளாச்சே நீ" என்றார். சிரிக்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்குக் கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். பெரும்பாலும் அதே குடியிருப்பு. முதலில் வந்தவர் அசோசியேஷன் செக்ரட்டரி. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பள்ளிக்கூடத்தை விட்டு வந்தாலும் பிரம்பை விட்டு வரவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். பெயிண்டரை மேலும் கீழும் பார்த்தவர், பூதக்கண்ணாடியின் காதருகே வந்தார். அவருக்கு ரகசியம் என்பது பக்கத்து அறைக்குக் கேட்கிற அளவு.

"ஏம்மா, இது அந்த ஆளுதானே? கமிட்டிக்காரங்களுக்குக் கண்ணு பொட்டையா? பீரோவையெல்லாம் பூட்டினியா?"

பூதக்கண்ணாடி தலையை ஆட்டினாள். ஆட்டினாள் என்றால், ஆம், பூட்டிவிட்டேன் என்று ஆட்டினாள். எப்படித்தான் ஆட்டினாளோ! ஆட்டிய பிறகு நிமிர்ந்தால், பெயிண்டர் நாலடி தள்ளி நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. அவர் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் பேசினார்.

"ஒண்ணு கேக்கலாமாம்மா?"

"கேளுங்க."

"நான் என்ன எடுத்தேன்?"

அவளுக்குப் புரியவில்லை.

"இல்ல, மூணு வருஷமாச்சு. விலையுயர்ந்த பொருள்னு போட்டிருந்தீங்கன்னு சொன்னாங்க. என்ன பொருளுன்னு யாருக்கும் தெரியல. நகைங்கறாங்க, கடிகாரம்ங்கறாங்க. வீட்டுல அவ கேக்கறா, என்னத்தத்தான்யா எடுத்தேன்னு சொல்றாங்கன்னு. எனக்கே தெரியலன்னா அவ நம்புவாளா? அதான், என்னன்னு மட்டும் சொல்லிடுங்க."

அவளுக்கு அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. திருடன் என்று சொன்னாள், எதைத் திருடினான் என்றுகூட அந்த மனுஷனிடம் சொல்லவில்லை. கேட்டிருந்தால், மேலே லாஃப்டில் ஒரு பை இருக்கிறதே என்று அன்றைக்கே கையைக் காட்டியிருப்பார். பார்த்து வரைந்தே வைத்திருக்கிறார்.

"ஆரம்பிக்கலாமேம்மா, பத்து தாண்டிடுச்சு" என்றார் செக்ரட்டரி.

பூதக்கண்ணாடி படுக்கையறைக்குள் போனாள். பீரோவைத் திறந்தாள். புடவைகள் சரிந்து காலில் விழுந்தன. அப்படியே விட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கூடத்தின் நடுவில் நின்றாள். கைப்பிடியைப் பையிலிருந்து எடுத்தாள்.

"இவரை எனக்கு எப்படித் தெரியும்னா," என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "இவர் எங்க வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சார். நான் இவரைத் திருடன்னு குரூப்ல போட்டேன். நீங்க எல்லாரும் பார்த்தீங்க. காணோம்னு போட்ட பொருள் இதுதான். கதவுக் கைப்பிடி. நானே லாஃப்ட்ல வச்சுட்டு மறந்துட்டேன். இந்தா, இந்தப் படத்துல மேல மூலையில பாருங்க, அந்தப் பை, இதே பை. எட்டு மாசத்துலயே எனக்குக் கிடைச்சுடுச்சு. ரெண்டு வருஷத்துக்கு மேல நான் வாயே திறக்கல. இப்ப அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாலகூட, பீரோவைப் பூட்டினியான்னு கேட்டாங்க, பூட்டினேன்னு தலையாட்டினேன். இவர் ஒண்ணும் எடுக்கல. நான்தான் எடுத்தேன், இவர் பொழப்பை."

ஒருவர் படத்துக்குக் கிட்டே போய் மூலையைக் குனிந்து பார்த்தார். பிறகு திரும்பிச் சமையலறை லாஃப்டை அண்ணாந்து பார்த்தார். ஒவ்வொருவராக எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். செக்ரட்டரி தொண்டையைச் செருமி, "சரி, மனுஷங்கன்னா மறதி சகஜம்தானே" என்றார்.

"மறதி இல்லைங்க மேடம்" என்றாள் பூதக்கண்ணாடி.

பெயிண்டர் வந்து கைப்பிடியை அவள் கையிலிருந்து வாங்கினார். கனம் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவா?" என்றார். "கதவு கைப்பிடியா?"

சிரித்துவிடுவார் என்று தோன்றியது. சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஜனங்கள் படம் பார்க்க நகர்ந்தார்கள். மனுஷ ஜாதி அப்படித்தான், எதையும் அரை மணி நேரத்தில் ஜீரணித்துவிடும்.

மதியம் கணவர் சொன்னார்: "இங்க கேட்டது இருபது பேரு. குரூப்ல இருக்கறது நூத்திநாப்பது." அவள் அழிக்காமல் எழுதினாள். கைப்பிடி என்றே எழுதினாள். அனுப்பிய மறு நிமிடமே கைகூப்பிய படங்களும் பூங்கொத்துகளும் வந்து குவிந்தன. "தவறை ஒப்புக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு வேணும்! சல்யூட் மேடம்." "உங்களைப் பார்த்துக் கத்துக்கணும்." அவள் முழுசாகத் தேடிப் பார்த்தாள். அந்த மனுஷனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்போம் என்றோ, நின்றுபோன வேலையைக் கொடுப்போம் என்றோ ஒருவர்கூட எழுதவில்லை. பாராட்டு முழுவதும் அவளுக்குத்தான். போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

மாலை ஆறு மணிக்குக் காட்சி முடிந்தது. பெயிண்டர் கைப்பிடியை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

"இதை ஒரு ராத்திரிக்குக் குடுக்கறீங்களாம்மா? வீட்டுல காட்டிட்டுக் காலையில கொண்டாந்துடறேன். வாயால சொன்னா அவ நம்ப மாட்டா. அவளும் ஒரு தடவை கேட்டுட்டா, நிஜமாவே எடுத்தியான்னு. கட்டினவளே கேட்டுட்டா."

"நீங்களே வச்சுக்கங்க. எனக்கு வேணாம்."

அவர் முகம் அப்போதுதான் மாறியது.

"எனக்கு எதுக்கும்மா அது? நான் எடுக்கலன்னு காட்டத்தானே கேக்கறேன். அதையே நான் வச்சுக்கிட்டா என்ன அர்த்தம்?"

இதுகூட யோசிக்கத் தெரியவில்லையே என்று அவளுக்குக் காது மடல் எரிந்தது. இரண்டு எட்டு வைத்துவிட்டு அவர் திரும்பினார்.

"கீழ வரைக்கும் கூட வர்றீங்களா? இதைக் கையில வச்சுக்கிட்டு நான் தனியா கேட்டைத் தாண்ட முடியாது."

போனாள். செக்யூரிட்டி அறைக்குள் நுழைந்து, மீட்டருக்குப் பக்கத்தில் இருந்த பேப்பரை நகத்தால் சுரண்டினாள். முழுசாக வரவில்லை. மூன்று வருடத்துப் பசை. நெற்றியும் ஒரு கண்ணும் சுவரிலேயே தங்கிவிட்டன. தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்தாள். செக்யூரிட்டி, "விடுங்க மேடம், நான் பார்த்துக்கறேன்" என்றார். அவள் விடவில்லை. பெயிண்டர் நின்று பார்த்துவிட்டு, "ஊற வைக்கணும்மா, அவசரப்பட்டா சுண்ணாம்பு பேர்ந்துடும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அழைப்பு மணி அடித்தது. காட்சி தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பெயிண்டர் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். கைப்பிடியைச் செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டியிருந்தார்.

"காட்டினீங்களா?" என்றாள்.

"காட்டினேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கையில வச்சிருந்தா. அப்புறம் உள்ள போயிட்டா." அவர் பொட்டலத்தை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். அவர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க. ஏன் நிக்கறீங்க?"

"வாங்கிக்கிட்டேன்னு எழுதிக் குடுத்துடுங்கம்மா."

"என்னது?"

"கைப்பிடியைத் திருப்பிக் கொண்டாந்து குடுத்தார், வாங்கிக்கிட்டேன்னு. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு. தப்பா நெனச்சுக்காதீங்க." குத்திக் காட்டுகிற குரல் இல்லை. மழை வருகிற மாதிரி இருக்கிறது, துணியை எடுத்து வையுங்கள் என்று சொல்கிற குரல்.

தப்பாக நினைக்க அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கணவர் மேஜையிலிருந்து பேப்பரும் பேனாவும் எடுத்து வந்து அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் காகிதத்தை வைத்து எழுதினாள். 'எங்கள் வீட்டுப் பித்தளைக் கைப்பிடியைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்த பெயிண்டர்' என்று எழுதியவள், பெயிண்டர் என்ற சொல்லோடு நின்றாள்.

நேற்று இருபது பேர் முன்னால் அத்தனை பேசினாளே, அதில் அவர் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இவர், இவர் என்றே பேசி முடித்திருக்கிறாள். பட்டியலில் ஒரு முறை படித்த பெயர், முதல் எழுத்துகூட ஞாபகத்தில் இல்லை. அவரையே கேட்கலாம், எதிரில்தான் நிற்கிறார். கேட்க வாய் வரவில்லை.

கமிட்டிக்காரர்கள் வாசல் கதவின் வெளிப்பக்கத்தில், எவர்சில்வர் கைப்பிடிக்கு மேலே, ஓவியர் பெயரை ஒரு அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அவள் அவரைத் தாண்டி வெளியே போனாள். கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அட்டையைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகக் காகிதத்தில் எழுதினாள். அவர் பக்கத்திலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அவர் வாங்கி, தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று படித்துப் பார்த்தார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.